சாவா மூவாப் பேராடும் ஒரு நடனக் கூடமும்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு "நம் சமயமும் கலையும்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நடராஜர் தாண்டவம், சரஸ்வதி கையில் வீணை, கண்ணன் கையில் புல்லாங்குழல் என்று நானும் எழுதலாம். ஆனால் அந்தத் தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஈர மரப்பலகையின் வாசனைதான். அதனால் தம்பி தங்கைகளே, இந்தத் தடவை பாடம் கலையைப் பற்றி இல்லை. கலை குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றி. கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சின்ன கலை மன்றத்துக்கு நான் பொருளாளராக இருந்தேன். ஒரு தாமானில், கடை வரிசையின் மேல்மாடியில் எங்கள் இடம். பரதம், வாய்ப்பாட்டு, மிருதங்கம் மூன்றும் அங்கேதான். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். முதலில் வெறும் சிமெண்டுத் தரை. சிமெண்டில் தட்டி ஆடினால் என்ன ஆகும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். முழங்கால் வலிக்கும், கெண்டைக்கால் முன்எலும்பு வலிக்கும், ஒரு வருஷத்தில் குதிகால் போய்விடும். அதனால் மரத்தளம் போடுவது என்று முடிவு செய்தோம். தரைக்கு மேல் கட்டைச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பலகை அடிப்பார்கள். இடையில் காற்று நிற்கும் இடைவெளி இருப்பதால் கால் பட்டதும் பலகை லேசாக அமுங்கி எழும். உடம்புக்கு அதுதான் நல்லது.

நிதி திரட்ட ஒரு விருந்து நிகழ்ச்சி வைத்தோம். மேசைக்கு இவ்வளவு என்று விற்றோம். அம்மாக்கள் முறுக்கு சுட்டு விற்றார்கள். தளம் போட்டாச்சு, கண்ணாடி மாட்டியாச்சு, ஏர்கோன் வந்தாச்சு. திறப்பு விழாவுக்கு பெரிய மனிதர் ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். வாசலில் பெயர்ப் பலகையும் பதித்தோம். அன்று இரவு நான் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வங்கியில் சில நூறு ரிங்கிட்தான் மிச்சம். "பரவாயில்லை, கட்டி முடித்தாச்சே" என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போனேன்.

மூன்றாவது வருஷக் கடைசியில் நல்ல மழை. கூரை ஓர வாய்க்காலில் காய்ந்த இலையும் ஒரு பழைய குருவிக் கூடும் அடைத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவர் வழியாக இறங்கி, மரத்தளத்துக்கு அடியில் போய் நின்றது. மேலே ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை. அதுதான் மோசம். கண்ணுக்குத் தெரிந்திருந்தால் வாளி வைத்திருப்போம். இரண்டு மாதம் கழித்து ஒருவித வாடை வந்தது. "ஊதுபத்தி கொளுத்துங்க" என்று யாரோ சொன்னார்கள், கொளுத்தினோம். பிறகு பலகை ஓரங்கள் தூக்க ஆரம்பித்தன. ஈரம் இருந்தால் கரையான் வராமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை காலை, ஒரு பிள்ளை தட்டடவு ஆடிக்கொண்டிருந்தபோது கால் பலகையோடு உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, கணுக்கால் சுளுக்கோடு போனது.

கூடத்தை மூடினோம். பக்கத்துக் கோயிலில் கேட்டு, அன்னதான மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் வகுப்பு நடத்தினோம். விசேஷ நாளில் வகுப்பு இல்லை, கல்யாணம் இருந்தால் வகுப்பு இல்லை. மறுபடியும் பணம் திரட்டித் தளத்தைச் சரிசெய்ய ஒன்றரை வருஷம் ஆனது. திரும்பத் திறந்த அன்று வந்தவர்கள் பதினேழு பேர். அரங்கேற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண் அதற்குள் படிவம் ஐந்துக்குப் போய்விட்டாள், திரும்பவே இல்லை. அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "இவ்வளவு காசு கொடுத்தோமே, எங்கேப்பா போச்சு?" என்று கேட்டார். ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் என்னிடம் ரசீது இருந்தது, காட்டவும் செய்தேன். அவர் பார்க்கவே இல்லை. அவர் கேட்டது ரசீதை இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்திருந்தால் நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டோடு முடிந்திருக்கும். அதற்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுத வேண்டியவன் நான்தான்.

இதற்கும் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேராகத் தஞ்சாவூருக்குப் போவோம்.

முதலாம் இராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான், 1010 வாக்கில் கட்டி முடித்தான் என்று எல்லாரும் படித்திருக்கிறோம். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம், ஒரே கல் நந்தி என்று சுற்றுலா போய் வந்தவர்கள் படம் காட்டுவார்கள். எனக்கு அங்கே பிடித்தது கோயிலைவிட அதன் சுவரில் இருக்கும் கணக்குதான். ஒரு கல்வெட்டில், கோயிலில் ஆடவும் பாடவும் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் விவரம் இருக்கிறது. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த நெல் எந்த வருமானத்தில் இருந்து வர வேண்டும் என்பதும் ஏற்பாடு. ஒருவர் இறந்தாலோ வேறிடம் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும், வருகிறவருக்குத் தகுதி இல்லையென்றால் என்ன செய்வது என்பதும் எழுதியிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அதே பட்டியலில் நட்டுவனார், பாடுகிறவர், மேளம் அடிக்கிறவர் வருகிறார்கள். கூடவே கணக்கர், விளக்கு ஏற்றுகிறவர், தண்ணீர் தெளிக்கிறவர், தச்சர், தையற்காரர், குயவர் வருகிறார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. நடனக் கலைக்கு ஏற்பாடு செய்தவன் தச்சருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்திருக்கிறான் பாருங்கள். பலகை உடைந்தால் யார் வருவார் என்ற கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் மன்றத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று, இந்தப் பாடத்தின் தலைப்பில் இருக்கிற ஆடு. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு வைப்பது பெரிய தருமம். ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்றால் ஒரு குடம் நெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பார்கள். இடையர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும். அதனால் மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது என்பது ஒப்பந்தம். இப்படி விட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு. நெய் கொடுத்தால் ஒரு மாதம் எரியும். ஆடு கொடுத்தால் கொடுத்தவர் போன பிறகும் எரியும்.

இன்றைக்கு இதை முதலீட்டு நிதி, அறக்கட்டளை மூலதனம் என்று சொல்கிறார்கள். முதலைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தை மட்டும் செலவு செய்வது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் இடையர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

சரி, ஆயிரம் வருஷக் கதை வேண்டாம், நம்ம பக்கத்துக் கோயிலையே பாருங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணி, கும்பாபிஷேகம். அதை ஆன்மீக நிகழ்ச்சியாகத்தான் நாம் பார்க்கிறோம், சரிதான். ஆனால் கொஞ்சம் எட்டி நின்று பார்த்தால் அது ஒரு பராமரிப்பு அட்டவணையும்கூட. கோபுரத்துச் சுதை வேலை, சாயம், கூரைக் கசிவு, தண்ணீர் போகும் வழி எல்லாவற்றையும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஏறிப் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூர் சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் தொடங்கியது. அங்கே 2010-இல் குடமுழுக்கு, அதற்குப் பிறகு 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு. இந்தத் தடவை திருப்பணிக்கு சுமார் 35 லட்சம் வெள்ளி செலவு. கோயில் கமிட்டிக்கு அந்தச் செலவு திடீர் அதிர்ச்சி இல்லை. வரும் என்று தெரியும், வருஷமும் தெரியும்.

திருப்பணி நடக்கும்போது சாமியை பாலாலயத்தில் வைக்கிறோமே, அதுவும் எனக்கு ஒரு பாடமாகத்தான் தெரிகிறது. வேலை நடக்கும் காலத்தில் பூசை எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே ஓர் இடம் பார்த்துவிட்டுத்தான் கருவறையில் கை வைக்கிறார்கள். கூடத்தைப் பழுதுபார்க்கும் காலத்தில் நாற்பது பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள் என்று நாங்கள் யோசிக்காமல் கதவைப் பூட்டினோம். பதினேழு பேர் திரும்பி வந்ததே அதிகம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தளம் போட 24,000 ரிங்கிட் ஆகிறது, அது பன்னிரண்டு வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருஷத்துக்கு 2,000 ரிங்கிட் தேய்கிறது. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 167. நாற்பது பிள்ளைகள் என்றால் தலைக்கு 4 ரிங்கிட் 20 சென். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். இந்தத் தொகையை மாதம் தவறாமல் தனிக் கணக்கில் போட்டு வந்தால், பன்னிரண்டாவது வருஷம் தளம் போகும்போது புதுத் தளத்துக்குப் பணம் கையில் இருக்கும். விலைவாசி ஏறும், அதனால் கொஞ்சம் கூடவே வையுங்கள். தளத்துக்குச் செய்த மாதிரியே கூரை, மின்கம்பி, ஏர்கோன், சாயம் ஒவ்வொன்றுக்கும் செய்து பாருங்கள். என்ன விலை, எத்தனை வருஷம் தாங்கும், மாதம் எவ்வளவு. ஒரே ஒரு தாள் போதும். அந்தத் தாள் என்னிடம் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

அப்பார்ட்மெண்டில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பில்லைப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்குக் கீழே இன்னொரு தொகை இருக்கும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்டுக்குப் போக வேண்டும். லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்துக்குச் சாயம் அடிப்பது போன்ற பெரிய செலவுகளுக்காக. ஒரு முகாமில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, பாட்டு வகுப்புக்கு எல்லா அப்பார்ட்மெண்டிலும் காசு புடிக்கிறாங்களா?" என்று கேட்டான். சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அது பாடுகிற சிங்கிங் இல்லை தம்பி. ஆனால் நீ சொன்னதும் தப்பில்லை, பாட்டு வகுப்புக்கும் அது வேண்டும்.

பெரிய இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோலாலம்பூர் செந்தூலில் கேஎல்பேக் என்று அழைக்கப்படும் கோலாலம்பூர் மேடைக்கலை மையம் இருக்கிறது. பள்ளியில் நாடகம் பார்க்க உங்களில் சிலர் போயிருப்பீர்கள். ஃபரிடா மெரிக்கான், ஜோ ஹாஷாம் இருவரும் 1989-இல் தொடங்கிய தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நாடகக் குழு, டத்தாரான் மெர்டேக்காவுக்கு அடியில் இருந்த நிலத்தடி அரங்கில் இயங்கியது. 2003 ஜூனில் வந்த திடீர் வெள்ளம் அந்த அரங்கை அழித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பெரிய நிறுவனமும் ஓர் அறக்கட்டளையும் அந்த நாடகக்காரர்களும் கைகோத்து, செந்தூலில் இருந்த பழைய ரயில்வே கட்டடத்தை அரங்கமாக மாற்றி 2005-இல் திறந்தார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள். உங்களில் யாருடைய தாத்தாவாவது அங்கே இரும்பு அடித்திருக்கலாம்.

நான் கவனித்தது என்னவென்றால், கட்டடம் கிடைத்ததோடு அவர்கள் கதை முடியவில்லை. ஐந்நூறு இருக்கை உள்ள அரங்குக்குக் கரண்டு பில்லும் ஏர்கோன் பராமரிப்பும் மாதாமாதம் வரும், நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து அரங்குகளைப் பூட்டியபோது, டிக்கெட் வருமானம் அடியோடு நின்றது. கட்டடத்துக்கு அது தெரியாதே. நம் நாட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரு மண்டபத்தை மூடிப் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஆள் இல்லாத மண்டபத்துக்கும் காற்று ஓட்டியே ஆக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வேறு வழியில் போனது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய அமைப்பு. நடனம், இசை வகுப்புகள், அரங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில். கூடவே அன்னலட்சுமி சைவ உணவகம். "வேண்டியதைச் சாப்பிடுங்கள், மனம்போல் கொடுங்கள்" என்ற கொள்கையால் பேர் வாங்கிய உணவகம் அது. தொண்டர்கள் பலர் அங்கே பரிமாறுகிறார்கள், சமைக்கிறார்கள். நன்கொடை அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதற்குப் பதிலாக, பசியோடு வருகிறவருக்குச் சாப்பாடு போட்டு அதில் வருவதைக் கலைக்கும் சேவைக்கும் திருப்புவது. தொண்ணூற்றாறு ஆடுகளுக்குப் பதில் ஓர் அடுப்பு. எல்லா மன்றத்தாலும் உணவகம் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது, சமையல் தெரியாதவன் கடை வைத்தால் இருக்கிற முதலும் போகும். ஆனால் உங்கள் இடத்துக்கு ஏற்ற ஆடு எது என்று யோசிக்கலாம். பகலில் காலியாக இருக்கும் கூடத்தை டியூசனுக்கோ யோகா வகுப்புக்கோ வாடகைக்கு விடுவதும் ஓர் ஆடுதான். ஒரே ஒரு நிபந்தனை, மரத்தளத்தில் செருப்போடு யாரும் ஏறக்கூடாது.

அக்கரையில், சிங்கப்பூரில், அரசாங்கமே இடம் கொடுக்கிறது. 1985-இல் தொடங்கிய கலை வீட்டுவசதித் திட்டத்தில் பழைய பள்ளிக்கூடங்களையும் கடைவீடுகளையும் கலைக் குழுக்களுக்குச் சலுகை வாடகையில் கொடுத்தார்கள். வாட்டர்லூ சாலையில் முன்பு ஸ்டாம்ஃபோர்டு பெண்கள் பள்ளியாக இருந்த கட்டடம் இன்று ஸ்டாம்ஃபோர்டு கலை மையம். கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் 1977-இல் தொடங்கிய அப்சராஸ் ஆர்ட்ஸ், குட்மேன் கலை மையத்தில் இயங்குகிறது. அதுவும் முன்னாள் பள்ளி வளாகம்தான். இன்னொரு நல்ல ஏற்பாடு, 2013-இல் 20 கோடி சிங்கப்பூர் வெள்ளியோடு தொடங்கிய கலாசார இணைநிதி. தகுதியுள்ள கலை அறநிறுவனத்துக்குத் தனியார் ஒரு வெள்ளி கொடுத்தால், அரசாங்கம் இன்னொரு வெள்ளி போடும்.

பொறாமையாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு கதை உண்டு. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-இல் ஆர்மீனியன் சாலையின் பழைய துணைமின் நிலையத்தில் தி சப்ஸ்டேஷன் என்ற கலை மையத்தைத் தொடங்கினார். முப்பது வருஷம் எத்தனையோ இளம் கலைஞர்களுக்கு அதுதான் முதல் மேடை. கட்டடம் அரசாங்கத்துடையது. புதுப்பிப்பு வேலைக்காகக் காலி செய்ய வேண்டும், திரும்பி வரும்போது மற்றக் குழுக்களோடு இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நிலைமை வந்தது. 2021-இல் அவர்கள் அந்த இடத்தைவிட்டு வெளியேறினார்கள். யார் சரி, யார் தப்பு என்று அங்கே நிறைய விவாதம் நடந்தது. கட்டடத்துக்குப் பழுதுபார்ப்பு தேவை என்பதும் உண்மை, அந்த இடம் இல்லாமல் அந்த மையம் பழைய மையமாக இல்லை என்பதும் உண்மை. வாடகை குறைவாக இருக்கலாம், சாவி நம் கையில் இருக்கலாம். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் இலவசமாக வகுப்பு நடத்துகிற மன்றங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். கமிட்டி மாறினால் என்ன ஆகும் என்று எழுத்தில் ஒரு வரி வாங்கி வையுங்கள். "நம்ம ஆளுங்கதானே" என்பது நல்ல வார்த்தை, ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் செல்லாது.

நம் நாட்டில் இணைநிதி இல்லாவிட்டாலும் வரிச் சலுகை இருக்கிறது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பண நன்கொடையை, மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்த அங்கீகாரத்தை வாங்கக் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையே பல மன்றங்கள் மறந்துவிடுகின்றன. கணக்கியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இங்கேதான் உங்கள் வேலை. திறப்பு விழாவில் சால்வை போட நிறைய பேர் இருக்கிறார்கள். அறிக்கை எழுத ஒருவர் கிடைப்பதில்லை.

நன்கொடை கொடுப்பவர்களின் மனசையும் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடத்துக்குக் கொடு என்றால் கொடுப்பார்கள், பலகையில் பெயர் வரும். கழிப்பறைப் பம்பு மாற்றக் கொடு என்றால் போனை எடுக்க மாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான். இதற்கும் நம் கோயில்களில் ஒரு வழி இருக்கிறது, உபயம். ஒரு நாள் பூசைக்கு உபயம், ஒரு வேளை அன்னதானத்துக்கு உபயம். சில கோயில்களில் டியூப் லைட்டிலேயே "உபயம்" என்று பெரிதாக எழுதி, வெளிச்சம் பாதிதான் கீழே வரும்! பரவாயில்லை, லைட் எரிகிறதே. அதே வழியில் மாதத்துக்கு ஒரு குடும்பம் என்று கூடத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். தை மாதம் ஏர்கோன் சர்வீஸ், இன்ன குடும்பத்தார் உபயம். ஐப்பசியில் மழைக்கு முன்னால் வாய்க்கால் சுத்தம், இன்ன பிறந்தநாளை முன்னிட்டு உபயம். அந்த மாதம் கரும்பலகையில் அவர்கள் பெயரை எழுதுங்கள். எங்கள் மன்றம் மறுபடி எழுந்த பிறகு இப்படித்தான் செய்தோம். முதல் வருஷம் ஒன்பது மாதத்துக்கு ஆள் கிடைத்தது. மிச்சம் மூன்று மாதம் கமிட்டிக்காரர்கள் சட்டைப்பையில் இருந்து போனது.

கோத்தோங் ரோயோங் பற்றியும் சொல்ல வேண்டும், இளைஞர் அமைப்பு என்றாலே அதுதானே நமக்கு முதலில் தோன்றும். செய்யுங்கள். தரை துடைப்பது, கண்ணாடி துடைப்பது, சாயம் அடிப்பது, பழைய சாமான்களை அகற்றுவது எல்லாம் உங்களால் முடியும். மிருதங்கம், தபேலா போன்ற தோல் வாத்தியங்களை ஈரச் சுவரோரம் இல்லாமல் உயரமான மர அலமாரிக்கு மாற்றுவதுகூடப் பெரிய உதவி. ஆனால் கூரையில் ஏறாதீர்கள். மின்கம்பியில் கை வைக்காதீர்கள், அதற்குப் பதிவு பெற்ற மின்பணியாளர் வேண்டும், சட்டமும் அதுதான். "எங்க மாமாவுக்குத் தெரியும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி எங்கள் கூடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கருகியது. அந்த மாமா நல்லவர், அதை மறுக்கவில்லை.

வகுப்பு நேரம் முடியப் போகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் ஊரில் நடனமோ இசையோ சொல்லிக்கொடுக்கிற ஏதாவது ஓர் இடத்துக்கு இருவர் இருவராகப் போங்கள். ஆசிரியரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் மாதிரி நுழையாதீர்கள். மழை பெய்யும் நாளாக இருந்தால் ரொம்ப நல்லது. கூரை ஓர வாய்க்காலில் தண்ணீர் எங்கே போகிறது என்று கீழே நின்று பாருங்கள். சுவரில் மஞ்சள் கறை இருக்கிறதா, சுவரோரம் மண் கோடு மாதிரி கரையான் ஓடியிருக்கிறதா, தீயணைப்புக் கருவியில் எந்த வருஷத் தேதி ஒட்டியிருக்கிறது, தளத்தை விரல் முட்டியால் தட்டினால் எங்கேயாவது சத்தம் மாறுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பொருளாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, பழுதுபார்க்க என்று தனியா எவ்வளவு வச்சிருக்கீங்க?"

அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், உட்கார்ந்து அந்த ஒரு தாள் கணக்கை அவரோடு சேர்ந்து போடுங்கள். போட்ட தாளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நான் என்னுடைய பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன்.